ஒபாமாகேர்: ஒரே கட்சியின் வாக்குகளால் நிறைவேறிய சட்டம்

அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா 2010 மார்ச் 23ஆம் தேதி கையெழுத்திட்ட மருத்துவக் காப்புறுதிச் சீர்திருத்தச் சட்டமே ‘ஒபாமாகேர்’. ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்குக் காப்புறுதி மறுக்கப்படுவதை அது தடை செய்தது. காப்புறுதி எடுக்காதோருக்கு அபராதமும் விதித்தது.

இந்தக் கட்டாயம் தனிமனித உரிமையில் தலையிடுவதாகக் குடியரசுக் கட்சியினர் சாடினர். நோயாளிகள் மட்டுமே சேர்ந்தால் கட்டணம் எகிறும், நலமாக இருப்போரும் சேர வேண்டும் என்றனர் ஜனநாயகக் கட்சியினர்.

பிரதிநிதிகள் சபையில் 219-212 வாக்குகளில் சட்டம் நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்தனர்.

2017 ஜூலையில் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் முயற்சி செனட் சபையில் 49-51 எனத் தோற்றது. குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் உட்பட மூவர் அதற்கு எதிராக வாக்களித்தனர். 2019 முதல் அபராதம் கைவிடப்பட்டது. நோயுள்ளவர்களுக்கான பாதுகாப்பு நீடித்தது.