ஒரு டாலர் கேமராவும் ஊர் சுற்றியவர்களும்

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் கொண்டுவந்த கோடாக் கேமரா 25 டாலர். உள்ளே 100 படத்துக்கு ஃபிலிம். தீர்ந்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பித் தருவார்கள். கண்ணாடித் தகடும் முக்காலியும் சுமந்து ஊர் சுற்றியவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

1900-ல் வந்த பிரவுனி ஒரே டாலர்தான். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். லாபமெல்லாம் ஃபிலிமில்! பயணி நிறைய எடுத்தால்தானே நிறைய விற்கும்? அதனால் 1920-களில் அமெரிக்கச் சாலையோரங்களில், முன்னால் நல்ல காட்சி வருகிறது என்று கோடாக்கே பலகை நட்டது. பிறகு டிஸ்னி பூங்காக்களிலும் 2012 வரை அதே வேலை. பல வீட்டு ஆல்பங்களில் சின்ட்ரெல்லா கோட்டை ஒரே கோணத்தில் நிற்பதில் இந்தப் பலகைகளுக்கும் பங்குண்டு.