நிறுத்தப்புள்ளி: கம்பியிலிருந்து பட்டியல் வரை

நினைவில் மட்டும் தங்கியிருப்பது நினைவோடு அழிந்துவிடும் என்ற அச்சமே மனிதரை எழுத்தின்பாற் செலுத்திய காரணங்களுள் ஒன்று. பல்லேபொலையை உள்ளடக்கிய மாத்தளை மாவட்டத்தின் அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்திலே, அதுவரை பிக்குகள் வாய்மொழியாகப் பேணிவந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என மரபு கூறும். பஞ்சமும் போரும் அவ்வாய்மொழி மரபை அச்சுறுத்தியமையே அதற்கு ஏதுவாயிற்று. இன்று கணினித் துறையில் இத்தேவை வேறொரு வடிவில் எழுந்துள்ளது. செய்நிரல்களிற் பிழை தேடும் செயற்கை நுண்ணறிவு முகவருக்கு, எங்கெங்கே நிறுத்தங்கள் இடப்பட்டுள்ளன என்பதைக் காட்டும் பட்டியல் வேண்டப்படுகின்றது. அது வெறும் வசதி அன்று என்பதை நிறுத்தப்புள்ளியின் வரலாறு புலப்படுத்தும்.

ஓடும் செய்நிரலை, பிழை ஒளிந்திருப்பதாக ஐயுறும் இடத்தில் நிறுத்தி, அவ்வேளையில் உள்ள பெறுமானங்களை ஆராய்வதற்கு இடும் குறியே நிறுத்தப்புள்ளி. ‘பிரேக்பாயிண்ட்’ என வழங்குவதும் இதுவே. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1946 பெப்ரவரியில் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியோடு இதன் கதை தொடங்குகின்றது. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அக்கணினிக்குரிய செய்நிரல், கம்பிகளை இணைத்தும் ஆளிகளைத் திருப்பியும் அமைக்கப்பட்டது. வேண்டிய இடத்திற் கம்பியைக் கழற்றினால் கணிப்பு அங்கே நின்றுவிடும். சிறு விளக்குகள் காட்டும் எண்களைப் படித்துப் பிழையைத் தேடலாம். தொடர்பை முறிக்கும் அச்செயலே பெயருக்கும் மூலமாயிற்று. இவ்வுத்தியை வகுத்த சிறப்பு, எனியாக்கின் செய்நிரலாளராகிய ஆறு பெண்களுள் ஒருவரான பெற்றி ஹோல்பேர்ட்டனுக்கு உரியதாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் கணினியின் அறிமுக விழாவில் அப்பெண்களின் உழைப்பு எடுத்துரைக்கப்படவில்லை. பல பத்தாண்டுகளின் பின்னரே அவர்தம் பெயர்கள் பரவலாக அறியப்பட்டன. எந்திரத்தை நிறுத்திச் சிந்தித்தோரை மறந்து, எந்திரத்தை மட்டும் வியக்கும் போக்கு கணினியின் பிறப்போடு பிறந்தது எனலாம்.

1949 மே மாதத்தில் கேம்பிரிஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியிற் பிழை தேடல் தனியொரு கலையாக வளர்ந்தது. ஸ்ரான்லி கில் 1951 இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு செய்நிரலின் போக்கை வேறொரு செய்நிரல் கொண்டே கண்காணிக்கும் முறைகளை விளக்கிற்று. அடுத்த பத்தாண்டில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிடிபி-1 கணினிக்கென ‘டிடிரி’ என்ற வழுநீக்கி உருவாயிற்று. ‘பூச்சி’ எனப் பொருள்படும் ‘பக்’ என்ற சொல்லாற் பிழையைச் சுட்டிய அவர்கள், பூச்சிகொல்லியின் பெயரையே கருவிக்கும் சூட்டினர். 1940களில் இலங்கையில் மலேரியா நுளம்பை ஒழிக்கத் தெளிக்கப்பட்டதும் அம்மருந்தே.

இவ்வாறு கம்பியின் இடத்தைக் கட்டளை பிடித்தது. வழுநீக்கி, குறித்த இடத்திலுள்ள கட்டளையை அகற்றிவைத்து, அங்கே நிறுத்தும் கட்டளையொன்றை இடுகின்றது. பின்னர் பழையதை மீட்டுச் செய்நிரலைத் தொடரச் செய்கின்றது. கழற்றிய கம்பி கண்ணுக்குத் தெரியும். மாற்றிய கட்டளை தெரியாது. ஆதலின் பட்டியல் இன்றியமையாததாயிற்று. 1986 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் உருவாக்கிய ஜிடிபி வழுநீக்கியில், ஒரு கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு நிறுத்தப்புள்ளியின் எண், வகை, முகவரி, கோப்பு, வரி, அது செயற்படுநிலையில் உள்ளதா என்பது, எத்தனை முறை எட்டப்பட்டது என்பது யாவும் நிரையாக வெளிப்படும்.

பின்னர் வந்த பதிப்பிகளில் ஓரத்துச் சிவப்புப் புள்ளிகள் அப்பணியை ஆற்றின. 2015 இல் வெளியான விசுவல் ஸ்டூடியோ கோட் பதிப்பியோடு வளர்ந்த டீபக் அடாப்டர் நெறிமுறை இவ்விடத்து நோக்கற்பாலது. அதன்படி, ஒரு கோப்புக்கு நிறுத்தப்புள்ளிகளை அனுப்புந்தோறும் அக்கோப்பின் முந்தையவை நீங்கிப் புதியவையே நிலைக்கும். முழு விவரத்தையும் நினைவில் வைத்திருப்பது பதிப்பியின் பொறுப்பு. மனிதர் கண்ணாற் பார்ப்பதால் இதில் இடரில்லை.

முகவருக்கோ பார்ப்பதற்கு ஓரமும் இல்லை, புள்ளியும் இல்லை; சொற்களாகத் தரப்படுவதே அதன் உலகம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் முகவர்களையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறையொன்றை வெளியிட்டது. 2025 இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவின் டீபக்-ஜிம், பைதன் வழுநீக்கியை முகவரின் கையிற் கொடுத்தது. இத்தகைய சூழலில், இருப்பவற்றை அறியாது புதிய புள்ளியொன்றை மட்டும் அனுப்பும் முகவர், மனிதர் இட்ட புள்ளிகளையும் அழித்துவிடக்கூடும். தான் முன்னர் இட்டதை மறந்து, நிறுத்தப்பட்ட செய்நிரலைப் பழுதுற்றதெனவும் முடிவுசெய்யக்கூடும். நிறுத்தப்புள்ளிகளைப் பட்டியலிடும் கருவி இவ்விடரைத் தவிர்க்கத் துணைபுரிகின்றது.

ஒவ்வொரு நிறுத்தப்புள்ளியும் ஓர் ஐயத்தின் பதிவு. எனியாக் கூடத்தில் அவ்வையம் மனிதருடையதாயிருந்தது. எனினும் ஐயுற்றோர் பெயர் மறைக்கப்பட்டது. இன்று ஐயுறும் பணியில் ஒரு பகுதி எந்திரத்திடமே செல்கின்றது. ஆகவே பட்டியல் முகவருக்கு மட்டுமன்றி, அதை மேற்பார்வை செய்யும் மனிதருக்கும் திறந்திருத்தல் வேண்டும். எந்தப் புள்ளியை யார் இட்டார் என்பதும் அதிற் பதிவாதல் வேண்டும். எங்கே நிறுத்தப்படுகின்றது என்பதை அறியாதவர், எந்திரத்தை நிறுத்தும் உரிமையையும் காலப்போக்கில் இழந்துவிடுவர்.