நாரின் கோணம், ரப்பரின் நெகிழ்வு: மென்ரோபோ இயக்கிகளின் வடிவமைப்பு வளர்ந்த வரலாறு

இரு முனையும் அடைத்த ரப்பர் குழாய்க்குள் காற்றைச் செலுத்தினால் அது எல்லாப் பக்கமும் உப்பும். அதே குழாயின் மேல் நீளாத நூலைத் திருகாகச் சுற்றி ஒட்டிவிட்டால், நூல் விட்ட வழியில் மட்டுமே உப்பும். சுற்று சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்துக் குழாய் சுருங்கலாம், நீளலாம், முறுக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் மட்டும் நீளத் தடை வைத்தால் விரல்போல மடங்கும். நார் வலுவூட்டிய மென்ரோபோ இயக்கி என்பது இதுதான். இதில் கீல், பற்சக்கரம், தண்டு எதுவும் இல்லை. இயக்கத்துக்கான விசையைக் காற்றோ நீரோ தருகிறது. திசையை நூல் தீர்மானிக்கிறது. ஒரு கோணம் என்ன அசைவைத் தரும் என்று கணக்கிடவே பல பத்தாண்டுகள் பிடித்தன. வேண்டிய அசைவைச் சொல்லி அதற்குரிய கோணத்தைக் கேட்கும் நிலைக்கு இத்துறை 2010-களில்தான் வந்து சேர்ந்தது.

ரப்பரை நூலால் கட்டுப்படுத்துவது பழைய தொழில்நுட்பம். டயரும் தீயணைப்புக் குழாயும் அதனால்தான் நிற்கின்றன. ஆனால் பல மடங்கு நீளும் பொருளுக்கு எஃகுக்கு எழுதிய கணக்கு பொருந்தாது. அதற்கென்று தனிக் கணிதம் தேவைப்பட்டது. 1940-இல் மெல்வின் மூனி ரப்பரின் பெருநீட்சிக்கு ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். அடுத்த பெரும் முன்னேற்றம் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே பணியாற்றிய எல்.ஆர்.ஜி. டிரெலோர், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இயற்கை ரப்பரை ஏழு மடங்குக்கும் மேல் இழுத்து, விசையையும் நீட்சியையும் பதிந்து 1944-இல் வெளியிட்டார். புதிய ரப்பர் மாதிரியை உருவாக்குபவர்கள் இன்றும் அந்த அளவீடுகளில்தான் அதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதே கழகத்தில் 1944-இல் சேர்ந்த ரொனால்ட் ரிவ்லின், பெருநீட்சிக்கான முழுமையான கோட்பாட்டை 1948 முதல் கட்டுரை கட்டுரையாக எழுதினார்.

அந்தக் கழகத்தை நடத்தியது ரப்பர் தோட்டங்களின் பணம். அதில் பெரும்பங்கு மலாயாவுக்கு. மலாயாவின் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். மென்ரோபோக்களின் கணிதத்துக்கு அடித்தளமான அந்த ஆய்வுகளின் செலவில் அவர்களது உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அறிவியல் வரலாற்றில் அதற்கு ஒரு வரியாவது இடம் தரவேண்டும்.

1955-இல் ஜே.இ. அட்கின்ஸும் ரிவ்லினும் சேர்ந்து, நீளாத இழைகளால் வலுவூட்டிய ரப்பரின் பெருநீட்சி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். ரப்பர் தன் கனஅளவை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது, இழை தன் நீளத்தை மாற்றுவதில்லை என்ற இரண்டே நிபந்தனைகளை வைத்துக்கொண்டு குழாய் என்ன வடிவம் எடுக்கும் என்று அது கணக்கிட்டது. பிற்கால மாதிரிகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு நிபந்தனைகளும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

கருவி வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆர்.எச். கேலார்ட் பின்னல் உறையிட்ட ரப்பர்க் குழாயை இழுவிசைக் கருவியாகப் பயன்படுத்தும் முறைக்கு 1958-இல் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் இயற்பியலாளர் ஜோசப் மெக்கிப்பன் அத்தகைய குழாயை மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய மகளின் கைகள் செயலிழந்திருந்தன. செயலற்ற விரல்களைச் சேர்த்துப் பிடிக்க வைக்கும் இலேசான விசைக்கருவி ஒன்றை அவர் தேடினார். மோட்டார்கள் கனமானவை, விறைப்பானவை. காற்றடைத்த ரப்பர்த் தசை மிருதுவாக இழுத்தது. எதிர்ப்பு வந்தால் விட்டுக்கொடுத்தது. அவர் பெயரே அந்தத் தசைக்கு நிலைத்துவிட்டது.

மெக்கிப்பன் தசையின் கணக்கு எளிமையானது. அதில் ஓர் அழகும் உண்டு. நீளாத நூல் ஒன்று குழாயைச் சுற்றி ஏறுகிறது. நூலுக்கும் குழாயின் நீளவாட்டு அச்சுக்கும் இடைப்பட்ட கோணத்தை நார்க்கோணம் என்று கொள்ளலாம். கோணம் கூடினால் குழாய் தடித்துக் குட்டையாகும்; குறைந்தால் மெலிந்து நீளும். அழுத்தப்பட்ட காற்று எப்போதும் கனஅளவைக் கூட்டவே முயலும். உள்ளிருக்கும் கனஅளவு 54.7 பாகைக் கோணத்தில் உச்சத்தை அடைகிறது. எனவே அதற்குக் குறைவான கோணத்தில் பின்னிய குழாய் சுருங்கி அந்தக் கோணத்தை நோக்கிப் போகும். கூடுதலான கோணத்தில் பின்னியது நீண்டு அதே கோணத்தை நோக்கிப் போகும். சரியாக 54.7 பாகையில் பின்னியது இரண்டும் செய்யாது. அழுத்தம் ஏறினாலும் நீளம் மாறக்கூடாத குழாய்களை அந்தக் கோணத்தில் பின்னுவதற்குக் காரணம் இதுவே.

விசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. கேலார்டின் காப்புரிமையோடும் எச்.எஃப். ஷுல்டே 1961-இல் எழுதிய ஆய்வோடும் தொடர்புபடுத்திச் சொல்லப்படும் சமன்பாட்டின்படி, இழுவிசை என்பது அழுத்தத்தையும், நூல் முழுக்கக் குறுக்காகத் திரும்பும்போது குழாய்க்கு இருக்கக்கூடிய குறுக்குப் பரப்பையும் பெருக்கி, அதைக் கோணத்தின் கோசைன் வர்க்கத்தின் மும்மடங்கில் ஒன்றைக் கழித்த எண்ணால் பெருக்குவது. 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 25 பாகையில் பின்னிய குழாய்க்கு 3 பார் அழுத்தம் கொடுத்தால் தொடக்க இழுவிசை ஏறத்தாழ 430 நியூட்டன், அதாவது சுமார் 44 கிலோ எடையைத் தூக்கும் விசை. அதே விட்டமுள்ள உந்துதண்டு உருளை அதே அழுத்தத்தில் தருவது 53 நியூட்டன்தான். எட்டு மடங்கு வேறுபாடு. ஆனால் குழாய் சுருங்கச் சுருங்க இந்த விசை விரைந்து குறைந்து, 54.7 பாகையில் சூனியமாகிவிடுகிறது. உராய்வும் ரப்பரின் விறைப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 25 பாகையில் தொடங்கிய குழாய் தன் நீளத்தில் 36 விழுக்காட்டுக்கு மேல் சுருங்க முடியாது.

இதே கணக்கை உயிரியலாளர்களும் அதே ஆண்டுகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1957-இல் ஹாரிஸும் கிராஃப்டனும் உருளைப்புழுவின் மேல்தோலில் சுமார் 75 பாகையில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிய நார்களை விளக்கினர். மறு ஆண்டு கிளார்க்கும் கௌவியும் சில வகைப் புழுக்களின் உருமாற்றத்தை நார்க்கோணத்தைக் கொண்டே விளக்கி, கனஅளவின் உச்சம் எந்தக் கோணத்தில் வரும் என்பதையும் காட்டினர். 1978-இல் வெயின்ரைட்டும் துணை ஆய்வாளர்களும் சுறாத்தோலின் திருகு நார்கள் நீந்துவதற்கு எப்படி உதவுகின்றன என்று எழுதினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் தேடிப் பிடிக்கும் சுறாவின் தோலிலும் இதே குறுக்குத் திருகு அமைப்புத்தான்.

மெக்கிப்பன் தசை 1960-களுக்குப் பின் ஓரம் கட்டப்பட்டது. மின்மோட்டாரைக் கட்டுப்படுத்துவது எளிது. காற்றைக் கட்டுப்படுத்துவது கடினம். 1980-களில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனம் ‘ரப்பர்டுவேட்டர்’ என்ற பெயரில் அதை ரோபோக் கைகளுக்காக மீண்டும் செய்தது. கட்டுப்பாட்டுச் சிக்கலின் வேரை 1990-களில் சௌவும் பிளேக் ஹானஃபோர்டும் அளந்து காட்டினார்கள். பின்னலின் நூல்கள் ஒன்றோடொன்று உரசுவதால், ஒரே அழுத்தத்தில் சுருங்கும்போது ஒரு விசையும் நீளும்போது வேறொரு விசையும் கிடைக்கின்றன. எளிய சமன்பாட்டில் இந்த உராய்வுக்கு இடமே இல்லை. பின்வந்தவர்கள் ரப்பர்ச் சுவரின் தடிப்பு, முனைகளில் குழாய் கூம்பாகக் குறுகுவது, மூனி–ரிவ்லின் வகை நெகிழ்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சமன்பாட்டைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்கள் கணிப்பை நெருக்கமாக்கின. புதிய அசைவு எதையும் தரவில்லை.

புதிய அசைவைத் தந்தவர்களில் முன்னோடி தோஷிபா நிறுவனத்தின் கொய்ச்சி சுசுமோரி. 1990-களின் தொடக்கத்தில், சிலிக்கோன் ரப்பர்க் குழாயின் உட்புறத்தை மூன்று அறைகளாகப் பிரித்து, சுற்றிலும் நாரைப் பதித்து அவர் ஒரு சிறு இயக்கியை உருவாக்கினார். நார் குழாயைத் தடிக்கவிடாது. ஓர் அறைக்கு மட்டும் அழுத்தம் கொடுத்தால் அந்தப் பக்கம் நீண்டு எதிர்ப்பக்கம் வளையும். மூன்றுக்கும் கொடுத்தால் நேராக நீளும்.

நூலின் கோணங்களை முழுமையாக ஆராய்ந்த பணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதன் பின்புலத்தில் ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு. அங்கே ஸ்ரீதர் கோட்டா கீலில்லாமல் வளைந்தே இயங்கும் நெகிழ்பொறிகளை ஆராய்ந்துவந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்த ஜி.கே. அனந்தசுரேஷ் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அத்துறையை வளர்த்தார். அவரிடம் பயின்ற கிரீஷ் கிருஷ்ணன் மிச்சிகனுக்குச் சென்று, ஜோஷுவா பிஷப்-மோசர், சார்லஸ் கிம், கோட்டா ஆகியோருடன் சேர்ந்து 2012 முதல் நார் சுற்றிய ரப்பர் உறைகளின் பொதுக் கோட்பாட்டை வெளியிட்டார்.

மெக்கிப்பன் குழாயில் இரு நூல் தொகுதிகள் ஒரே கோணத்தில் எதிரெதிராகச் சுற்றுகின்றன. மிச்சிகன் குழுவினர் அந்தச் சமச்சீரைக் கைவிட்டு, இரு கோணங்களும் எப்படியும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அப்போது சுருங்கிக்கொண்டே முறுக்கும், நீண்டுகொண்டே முறுக்கும் குழாய்கள் ஏராளமாகக் கிடைத்தன. மெக்கிப்பன் தசை அந்தப் பரந்த வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே என்பது தெரிந்தது. உருளையின் வடிவத்தைச் சொல்ல நீளம், விட்டம், முறுக்கு என்று மூன்று எண்கள் போதும். ஒரு நூல் தொகுதி அவற்றுக்கிடையே ஒரு நிபந்தனையை விதிக்கிறது. இரண்டு தொகுதிகள் இருந்தால் ஒரே வழிதான் மிஞ்சும். குழாயின் பாதை வடிவியலிலேயே முடிவாகிவிடும். ஒரே தொகுதி என்றால் இரண்டு வழிகள் மிஞ்சும். எந்த வழி என்பதை ரப்பரின் நெகிழ்வே தீர்மானிக்கும், எனவே ரிவ்லினின் கோட்பாடு இல்லாமல் கணக்கு நடக்காது. மூன்றாவது தொகுதியைக் குழாயைச் சுற்றி முழுக்கச் சேர்த்தால் குழாய் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அதையே ஒரு பக்கத்தில் ஒற்றை நூலாக மட்டும் ஓட்டினால், உருளையாக நிற்க வழியில்லாமல் குழாய் வளையும் அல்லது திருகுச்சுருளாகும். பிஷப்-மோசரும் கோட்டாவும் 2015-இல் இந்த மூன்றாம் நூலின் விளைவுகளை வகைப்படுத்தினார்கள். இத்துறையில் இதுவரை நடந்த பணிகளில் வடிவமைப்பாளருக்கு மிகவும் பயன்படுவது இதுவே. நூலை எப்படிச் சுற்றலாம் என்ற கேள்விக்கு முழு வரைபடம் ஒன்றை முதன்முதலாகத் தந்தது இது.

ஹார்வர்டில் இதே சிக்கலை மருத்துவத் தேவையிலிருந்து அணுகினார்கள். பனாகியோடிஸ் பொலிகெரினோஸ், கானர் வால்ஷ் முதலியோர் 2015-இல் விவரித்த மறுவாழ்வுக் கையுறையில் ஒவ்வொரு விரலின் மேலும் அரைவட்டக் குறுக்குவெட்டுள்ள ரப்பர்க் குழல் இருந்தது. தட்டையான அடிப்பக்கத்தில் கண்ணாடி இழைத் துணி நீளத்தைத் தடுத்தது. கெவ்லார் நூல் இரு எதிர்த்திசைகளில் சுற்றப்பட்டதால் முறுக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்து, வளைவு மட்டும் எஞ்சியது. 2017-இல் ஃபின்னுலா கானலி, வால்ஷ், காத்தியா பெர்டோல்டி மூவரும் கேள்வியைத் தலைகீழாக்கினார்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மடங்கும் பாதையைக் கணினிக்குக் கொடுத்தார்கள். நீளும், வளையும், முறுக்கும் துண்டுகளை எந்த வரிசையில், எந்த நீளத்தில், எந்த நார்க்கோணத்தில் அடுக்கினால் ஒரே காற்றழுத்தத்தில் அந்தப் பாதை கிடைக்கும் என்று நிரல் சொன்னது. அப்படியே செய்து பார்த்த இயக்கிகள் பாதையை நெருக்கமாகப் பின்பற்றின.

பொருளைப் பற்றிய ஆய்வு இவ்வளவு தூரம் வரவில்லை. ஆய்வகங்கள் பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பரையே எடுத்துக்கொள்கின்றன. இரு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் அறைவெப்பத்திலேயே இறுகிவிடும் என்ற வசதிதான் காரணம். இயற்கை ரப்பருக்குக் கந்தகமும் சூடும் வேண்டும். வெயிலும் ஓசோனும் அதைக் கெடுக்கும். ஆனால் இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் படிகமாக அணிவகுப்பதால், கிழியாமல் தாங்கும் வலிமை வார்ப்புச் சிலிக்கோனைவிட மிகக் கூடுதல். ஆயிரக்கணக்கான முறை உப்பிச் சுருங்கவேண்டிய தசைக்கு இது சிறிய நன்மை அல்ல.

இத்தகைய தசைக்கு வேண்டிய ரப்பர், நார் என்ற மூலப்பொருள்கள் இரண்டும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் விளைகின்றன. தமிழ்நாட்டு ரப்பரின் பெரும்பங்கு இந்த மாவட்டத்தது. அரசு ரப்பர் கழகம் 1984 முதல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு கீரிப்பாறை, கோதையாறு, சிற்றாறு போன்ற மலைச்சரிவுத் தோட்டங்களை நடத்துகிறது. தெற்கே குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சிக் கடற்கரை தென்னைக்கும் தும்பு எனப்படும் தேங்காய் நாருக்கும் உரியது. 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தும்பில் ஒட்டியிருந்த மணலில்தான் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. ஆய்வாளரின் கண் அன்று மணலில் நின்றது, நாருக்குப் போகவில்லை.

தும்பு நாரும் ஒரு திருகு அமைப்பே. அதன் உயிரணுச் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் அச்சுக்கு 30 முதல் 49 பாகை வரை சாய்ந்து சுற்றியிருக்கின்றன. சாய்வு கூடினால் இழுக்கும்போது திருகு விரிய இடமிருக்கும். அதனால் தும்பு முறிவதற்கு முன் 15 விழுக்காட்டுக்கு மேல் நீளும். ஆளி நாரில் நுண்ணிழைகள் ஏறக்குறைய அச்சுக்கு இணையாக ஓடுவதால் அது சில விழுக்காடே நீளும். ரப்பர்த் தசையைச் சுருக்கும் அதே கோணக் கணக்கு, மண்டைக்காட்டுத் தேங்காய்க் கதம்பையிலிருந்து உரித்தெடுக்கும் நாருக்குள்ளும் வேலை செய்கிறது.

தும்பும் இயற்கை ரப்பரும் சேரும் விதத்தைக் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் சாபு தாமஸ், வி.ஜி. கீதம்மா முதலியோர் 1990-களில் ஆராய்ந்தார்கள். காரத்தில் கழுவிய தும்பு ரப்பரோடு நன்றாக ஒட்டுகிறது. குறுநார்கள் ஒரு திசையில் அணிவகுத்தால் அந்தத் திசையில் ரப்பர் விறைக்கிறது. தசை செய்வதற்கும் ஒட்டுதல் இன்றியமையாதது. சுற்றிய நூல் வழுக்கினால் கோணம் மாறி, கணித்த அசைவு கெட்டுவிடும். டயர் ஆலைகள் நூலை ரப்பர் பாலும் பிசினும் கலந்த கரைசலில் முக்கி இதைச் சமாளிக்கின்றன.

இன்றைய வடிவமைப்பு நிரல்களில் பெரும்பாலானவை நூல் நீளாது என்றே கொள்கின்றன. கெவ்லாருக்கு அது ஏறக்குறைய சரி. தும்புக்குப் பொருந்தாது. நீளும் நாருக்கு, தமனிச் சுவரை விளக்க ஹோல்ஸாப்ஃபெல், காசர், ஆக்டன் மூவரும் 2000-இல் தந்த சமன்பாட்டைப் போல, நாரின் விறைப்பையும் மாறியாகச் சேர்த்த மாதிரி தேவை. முதல் சில இழுப்புகளுக்குப் பின் ரப்பர் மிருதுவாகிவிடும் முல்லின்ஸ் விளைவையும் அதில் சேர்க்கவேண்டும். அப்போது வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்க வேண்டியவை மூன்றாகும்: நார்க்கோணம், நாரின் நீட்சி, அதைப் பிடித்திருக்கும் ரப்பரின் பதம்.