வில்வண்டியில இருந்து ஸ்கார்பியோ வரை: செங்கல்பட்டின் டீசல் கதை

"டீசல் எஸ்யூவி வாங்கலாம்னு இருக்கேன். குலுங்காத வண்டி எது, இன்ஜின் நின்னு உழைக்கிற வண்டி எது?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. ரெண்டு மாடல் பேர் சொல்லி முடிச்சிடலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு முக்கியமான பகுதி நம்ம ஜிஎஸ்டி ரோட்டு ஓரமா நடந்தது.

எங்க பெரியப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். 90-கள்ல மாமல்லபுரத்துல டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். பழைய டீசல் ஜீப். பஞ்ச ரதம் பக்கத்துல ஆளை ஏத்தி திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, சீசன்ல வேடந்தாங்கல் வரைக்கும் போவார். அம்பது வயசுல இடுப்பு போச்சு. அதுக்குக் காரணம் லீஃப் ஸ்பிரிங்னு இப்பவும் சொல்வார்.

லீஃப் ஸ்பிரிங்னா எஃகுத் தகடுகளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக் கட்டின வில். வேடிக்கை என்னன்னா, ஒரு காலத்துல இதுதான் நம்ம ஊர்ல சொகுசு. கட்டை வண்டிக்கு அது கிடையாது, அச்சுல விழுற அடி நேரா முதுகுலதான் விழும். வில் வச்ச வண்டிக்கு "வில்வண்டி"ன்னே பேர். வசதியான வீட்டு ஆளுங்க கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அதுலதான் போனாங்க. அதே வில் ஜீப்புக்கு வந்தப்போ எட்டுப் பத்துப் பேரைச் சுமக்கணும்னு கெட்டியாக்கிட்டாங்க. ஆள் நிறைய இருந்தா பரவாயில்ல. காலி வண்டியில ஒரு பள்ளம் விழுந்தா டிரைவர் தலை கூரையில இடிக்கும்.

இன்ஜின் கதை வேற. மஹிந்திரா ஜீப்புகளுக்கு 80-கள்ல பிரான்சோட பியூஜோ நிறுவனத்து உரிமத்துல செஞ்ச டீசல் இன்ஜின் வந்துச்சு. 1998-ல வந்த டாடா சஃபாரி வரைக்கும் பழைய டீசல்னா ஏறக்குறைய ஒரே குணம்தான்: சத்தம், புகை, அதிர்வு. ஆனா எரிபொருளைத் தள்ளுறது ஒரு இரும்புப் பம்ப். கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் தீர்ந்து லைன்ல ஏர் புடிச்சுக்கிச்சுன்னா கைப்பம்ப் அடிச்சு ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணிடலாம். வயல்ல ஆயில் இன்ஜின் பிரிச்சு மாட்டின மெக்கானிக்குக் கூட அது புரியும். பெரியப்பா சொல்வார்: "டேய் தம்பி, அந்த வண்டி என் இடுப்பைத் தின்னுச்சு. ஆனா ஒரு நாளும் நடுரோட்டுல விட்டதில்ல."

எல்லாம் மாறினது 2000-த்துக்கு அப்புறம். 2002-ல ஸ்கார்பியோ. 2008-ல அதுக்கு 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின், ஆஸ்திரியாவோட ஏவிஎல் நிறுவனத்தோட சேர்ந்து செஞ்சது. இது காமன் ரெயில் வகை. உங்க கார் டயர்ல இருக்கிற அழுத்தம் சுமார் 2 பார். காமன் ரெயில்ல டீசல் 1,000 பாருக்கு மேல அழுத்தத்துல நிக்கும், கம்ப்யூட்டர் சொல்ற நொடியில பனிமூட்டம் மாதிரி பீய்ச்சும். சத்தம் குறைஞ்சது, இழுவை கூடுச்சு. ஆனா அந்த இன்ஜெக்டர் கலப்பட டீசலையும் தண்ணியையும் மன்னிக்காது.

2012-ல பரனூர்ல, டோல்கேட் பக்கத்துல இருக்கிற மஹிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள்ள, மஹிந்திரா ரிசர்ச் வேலி திறந்தாங்க. திறந்து வச்சவர் அப்துல் கலாம். அதுக்கப்புறம் வந்த தார், எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ-என் எல்லாத்துக்கும் பின்னாடி அந்த இடம் இருக்கு. கொஞ்ச தூரம் வடக்கே மறைமலை நகர், ஃபோர்டு. தனித்தமிழுக்கு வாழ்ந்தவர் பேர் வச்ச ஊர்ல உட்கார்ந்து நான் "கைப்பம்ப், இன்ஜெக்டர்"னு பேசிட்டு இருக்கேன், மன்னிச்சுக்கோங்க.

இந்த ரெண்டு கம்பெனியும் 1995-ல கூட்டாளிங்க. அப்புறம் பிரிஞ்சாங்க. 2019-ல மறுபடி சேரப் போறதா அறிவிச்சு, 2020 கடைசி நாள்ல கைவிட்டாங்க. ஆனா சஸ்பென்ஷன்ல ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. ஃபோர்டு எண்டவர் 2003-ல வந்தப்போ பின்னாடி லீஃப் ஸ்பிரிங். 2016 மாடல்ல அதை எடுத்துட்டு காயில் ஸ்பிரிங்கும் "வாட்ஸ் லிங்கேஜ்"ங்கிற இணைப்பும் வச்சாங்க. 2022 ஸ்கார்பியோ-என் பின்னாடியும் அதே இணைப்புதான்.

அந்த வாட் யாரு தெரியுமா? நீராவி இன்ஜின் ஜேம்ஸ் வாட்டேதான். 1784-ல பிஸ்டன் தண்டை நேர்கோட்டுல ஏத்தி இறக்க அவர் கண்டுபிடிச்ச கம்பி அமைப்பு. அவரே ரொம்பப் பெருமைப்பட்ட கண்டுபிடிப்பு அது. கார்ல அது அச்சைப் பக்கவாட்டுல ஆட விடாம மேல கீழ மட்டும் போக வைக்கும். லீஃப் ஸ்பிரிங் எடையும் தாங்கணும், அச்சையும் புடிச்சுக்கணும். இங்க வேலையைப் பிரிச்சுட்டதால ஸ்பிரிங்கை மெதுவா வைக்க முடியுது.

சரி, அப்போ புதுசுதான் நல்லதா? பெரியப்பா மகன், எங்க அண்ணன், கடன் போட்டு ஒரு புது டீசல் எஸ்யூவி எடுத்தார். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு விடியக்காலை நாலு பேரை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறார். கோவளம் தாண்டினதும் விளக்கு ஒண்ணு எரிஞ்சு, வண்டி வேகம் எடுக்கவே இல்ல. ஒரு சென்சார் கோளாறு. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல, அது தன்னைக் காப்பாத்திக்கிச்சு. ஃபிளைட் போயிடுச்சு. டிக்கெட் காசை அண்ணன்தான் கொடுத்தார், அந்த மாசத் தவணை தள்ளிப்போச்சு. ரோட்டோர மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, ஸ்கேனர் இல்லாம கை வைக்க மாட்டேன்னுட்டார்.

அதனால என் பதில் இதுதான். ஸ்பிரிங், கியர்பாக்ஸ் எல்லாம் டெஸ்ட் டிரைவ்ல தெரியும், அதுவும் பின்சீட்ல உட்கார்ந்து பாருங்க. இன்ஜினைப் பத்தி ரெண்டு கேளுங்க. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க? 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததில இருந்து டீசல் வண்டியில கரியைப் புடிக்கிற வடிகட்டி இருக்கு. அது தன்னைச் சுத்தம் பண்ணிக்க நல்லா சூடாகணும். ஓஎம்ஆர் டிராஃபிக்ல எட்டு கிலோமீட்டர் ஆபீஸ் போயிட்டு வர்றவங்களுக்கு டீசல் வேண்டாம். வாராவாரம் ஈசிஆர்ல பாண்டி வரைக்கும் போறவங்க தாராளமா வாங்கலாம்.

ரெண்டாவது, அதைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் உங்க ஊர்ல யாரு? 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல தயாரிப்பை நிறுத்துறதா சொன்னப்போ எண்டவர் இன்ஜின்ல எதுவும் மாறல. சர்வீசும் பார்ட்சும் தொடரும்னு கம்பெனியும் சொல்லிச்சு. இருந்தாலும் வச்சிருந்தவங்க பயந்தாங்க. 2024-ல ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையை மறுபடி பயன்படுத்தப் போறதா அறிவிச்சாங்க.

இப்போ அண்ணன் வண்டியில பெரியப்பாவை முன்சீட்ல உட்கார வச்சா, திருக்கழுக்குன்றம் வர்றதுக்குள்ள தூங்கிடுறார். டிக்கியில மட்டும் பழைய ஜீப்போட ஸ்பேனர் செட் இருக்கு. அதை எடுக்க விடமாட்டேங்குறார்.