ஒரு போர்வையும் ஒரு பூந்தோட்டமும்

இலக்கிய வரலாறு என்றதும் நாம் ஏடுகளையே தேடிச் செல்கிறோம். ஏடு வாய்க்காதவர்கள் எதில் எழுதினார்கள்?

1886இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் ஒரு 'குவில்ட்' போர்வை இடம்பெற்றது. தைத்தவர் ஹாரியட் பவர்ஸ். 1837இல் அடிமையாகப் பிறந்தவர். துணியை உருவங்களாக வெட்டி, விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களில் தைத்திருந்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. பத்து டாலர் கேட்டவர் ஐந்துக்கு இசைந்தார். விற்ற பின்னும் போர்வையைக் காண வந்து போனார் என்பதைப் படிக்கையில் நம் மனம் கனக்கிறது. கட்டங்களுக்கு அவர் சொன்ன விளக்கங்களை ஸ்மித் குறித்துவைத்தார். போர்வை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதே ஜார்ஜியாவில் பிறந்த ஆலிஸ் வாக்கர், 1974இல் 'நம் அன்னையரின் தோட்டங்களைத் தேடி' என்ற கட்டுரையை எழுதினார். ஸ்மித்சோனியனில் தாம் கண்ட, பெயரறியாக் கறுப்பினப் பெண்ணின் போர்வை ஒன்றையும், தம் தாயின் பூந்தோட்டத்தையும் அதில் அருகருகே வைக்கிறார். அத்தாய் வயலுக்குப் புறப்படுமுன் செடிகளைப் பேணினார். திரும்பியபின் இருட்டும்வரை மண்ணைக் கொத்தினார்.

கண்காட்சிக்குச் சென்றதாலும் ஒருவர் குறித்துவைத்ததாலும் பவர்ஸின் பெயர் நமக்குக் கிடைத்தது. தோட்டமோ பருவத்தோடு உதிர்வது. அதை மகளின் எழுத்து காத்தது. எழுதும் மகள் வாய்க்காத தோட்டங்கள் எத்தனையோ! நம் வரலாற்றில் அவற்றுக்கும் ஒரு பக்கத்தை வெறுமையாகவேனும் விட்டுவைப்போம்.