வேளாண் வானிலை உணரிகளின் சமிக்ஞைத் தரம்

வேளாண் வானிலை உணரிகளின் சமிக்ஞைத் தரம் என்பது வயல்வெளியில் நிறுவப்பட்ட மழைமானி, வெப்பமானி, காற்றுவேகமானி முதலியவற்றின் அளவீடுகள் கம்பியில்லாத் தொடர்பு வழியாக எவ்வளவு பிழையின்றி மைய நிலையத்தை அடைகின்றன என்பதைக் குறிக்கும்.

பின்னணி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றியங்கள் தோறும் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியது. இவை அலைபேசி வலையமைப்பு வழியாகத் தரவுகளை அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்கள் பல இன்சாட் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகின்றன. விழுப்புரம் மாவட்டத்தில் நெல், கரும்பு, நிலக்கடலை ஆகியன முக்கியப் பயிர்களாகும். திண்டிவனத்தில் இப்பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

அளவிடும் முறை

சமிக்ஞை வலிமை டெசிபல்-மில்லிவாட் அலகில் அளக்கப்படுகிறது. இது எதிர்ம எண்ணாக அமையும். சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை மிகும். ஜி.எஸ்.எம். மோடம்கள் இதனை 0 முதல் 31 வரையிலான எண்ணாகத் தருகின்றன. 0 என்பது −113 அல்லது அதற்குக் குறைவையும், 31 என்பது −51 அல்லது அதற்கு மிகுதியையும் குறிக்கும். 99 என்பது உயர்ந்த மதிப்பன்று. வலிமை அறியப்படவில்லை என்பதே அதன் பொருள். வலிமையுடன், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும், அனுப்பிய தரவுப் பொதிகளில் வந்து சேர்ந்தவற்றின் விழுக்காடும் கணக்கிடப்பட வேண்டும்.

தரக்குறைவின் காரணங்கள்

* பயிர் வளர்ச்சி: நடவுக் காலத்தில் நன்றாக இயங்கும் இணைப்பு, கரும்பு வளர்ந்து ஆண்டெனாவை மறைத்தபின் நலியக்கூடும்.
* தொலைவு: தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்கானால் வலிமை 6 டெசிபல் குறையும்.
* ஈரம்: ஆண்டெனா இணைப்புகளில் மழைநீர் புகுந்தால் இழப்பு மிகும்.
* மின்னழுத்தம்: தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் சூரிய மின்தகட்டால் மின்கலம் போதிய அளவு மின்னேற்றம் பெறாது.

மேம்படுத்தும் வழிகள்

ஆண்டெனாவைப் பயிரின் முழு உயரத்திற்கு மேல் அமைப்பதே முதல் வழியாகும். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865 மெகாஹெர்ட்சு அலைவரிசையில், 1 கி.மீ. தொலைவுள்ள இணைப்பின் நடுவே நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 9 மீட்டர் ஆரமுள்ள வெளி தேவைப்படுகிறது. இது பிரெனெல் மண்டலம் எனப்படும். இம்மண்டலம் முழுவதும் திறந்திருப்பது அரிது. அதன் பெரும்பகுதி தடையின்றி இருந்தாலே போதுமானது. இணைப்புகளை நீர்புகாதவாறு மூடுதல், வடத்தின் நீளத்தைக் குறைத்தல், திசை ஆண்டெனாவைப் பயன்படுத்துதல் ஆகியனவும் பயன்தரும். அனுப்ப இயலாத தரவுகளைச் சேமித்து, இணைப்பு மீண்டபின் அனுப்பும் பதிவுக்கருவியும் இன்றியமையாதது.

முக்கியத்துவம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய வேளைகளில் தொடர்பு அறுந்தால், வந்து சேராத அளவீட்டை மழையின்மையாகக் கொள்ளும் ஆபத்து உண்டு. வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு வானிலை நிலைய அளவீடுகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எனவே விடுபட்ட தரவையும் சுழிய மழையையும் வேறுபடுத்திப் பதிவு செய்தல் உழவர்களுக்கு நேரடி விளைவுடையது. பருவமழைக்கு முன்பும், பயிர் முழு உயரம் எட்டிய பின்பும் சமிக்ஞையைச் சோதித்தல் நன்று.