தபுதாரமும் தாபதமும்: கைம்மை பற்றிய ஒரு சொல்வரலாறு

மனிதரின் விருப்பத்துக்கு எல்லை வகுப்பவை சட்டங்கள் மட்டுமல்ல. எவரும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கருத்துகளும் எல்லை வகுக்கின்றன. அவற்றுள் பல, நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களில் உறைகின்றன. வாழ்க்கைத் துணையை இழந்தோருக்குத் தமிழ் இட்ட பெயர்களைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளுள் இரண்டை அடுத்தடுத்துக் கூறுகிறது. மனைவியை இழந்தவனின் நிலை 'தபுதார நிலை'. கணவனை இழந்தவளின் நிலை 'தாபத நிலை'. தபுதல் என்பது இறத்தல். தாரம் என்பது மனைவி. ஆகவே முதற்பெயர் நிகழ்ந்ததைக் கூறுகிறது. தாபதம் என்பதோ தவத்தைச் சார்ந்த சொல். இப்பெயரில் கணவனின் இறப்பு இடம்பெறவில்லை. மனைவி இனி மேற்கொள்ள வேண்டிய நோன்பே பெயராகிவிட்டது. இழப்பு ஒன்றே. ஆணின் பெயர் அதனை விளக்குகிறது. பெண்ணின் பெயர் அவளுக்குக் கடமையை விதிக்கிறது.

புறநானூற்றின் 245, 246ஆம் பாடல்களை அருகருகே வைத்துப் படித்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். முன்னதில், மனைவியை இழந்த சேரமான் மாக்கோதை, தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி வருந்துகிறான். பின்னதில், பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணுக்குரிய நெய்யற்ற உணவையும் பாயில்லாப் படுக்கையையும் எடுத்துரைத்து, அவற்றைவிடத் தீயே மேல் என்கிறாள். மன்னனின் துயரம் உண்மையானது. ஆயினும் அவன் உண்ணும் உணவையோ உறங்கும் இடத்தையோ எவரும் வரையறுக்கவில்லை. தேவியின் முன் இருந்தவை இரண்டு வழிகளே. இரண்டையும் அவள் வகுக்கவில்லை.

பண்டைக் காலத்தில் அனைத்தும் செம்மையாக இருந்தன, பின்னரே கெட்டன என்ற கூற்றை இப்பாடல்கள் ஏற்கவிடா. தொன்மையானது என்பதனாலேயே ஒரு வழக்கம் நியாயமானதாகிவிடும் என்ற கூற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை.

பிற்கால வழக்கில் இவ்வேறுபாடு மேலும் இறுகியது. கைம்பெண், விதவை, அமங்கலி எனப் பெண்ணுக்குப் பெயர்கள் நிலைத்தன. ஆணைக் குறித்த தபுதாரன் என்ற சொல்லோ அகராதிக்குள் ஒதுங்கியது. மறுமணம் செய்த ஆணின் மனைவியை 'இரண்டாம் தாரம்' என்கிறோம். கணவனுக்கு அத்தகைய வழக்குச் சொல் இல்லை. ஆணின் மறுமணம் இயல்பு, பெண்ணின் மறுமணம் விலக்கு என்ற கருத்தை இவ்வில்லாமையும் உணர்த்துகிறது.

ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856இல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. எனினும் மறுமணம் செய்யும் பெண், முதற்கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் அச்சட்டமே கூறியது. உரிமை வந்தது, அதற்கு விலையும் வந்தது. வழக்கமோ எளிதில் அசையவில்லை.

ஆகவே மாற்றம் வேறு வழிகளிலும் வர வேண்டியிருந்தது. அ. மாதவையா 1903இல் வெளியிட்ட 'முத்துமீனாட்சி' புதினத்தில், இளமையில் கணவனை இழந்த பெண் தன் கதையை 'நான்' என்று தானே கூறுகிறாள். பிறர் இட்ட பெயருக்குள் அடங்கியிருந்தவள் தன்மை இடத்துக்கு வந்தது இலக்கண அளவில் சிறு மாற்றம். கருத்தளவில் பெரிய மாற்றம். சிறு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் சென்னையில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். அங்குக் கல்வி பெற்ற பெண்கள் ஆசிரியர்களாயினர். அமங்கலி என ஒதுக்கப்பட்டவர்க்கு ஆசிரியர் என்ற பெயர் கிடைத்தது. பெயர் மாறியபோது, அவர்கள் செல்லக்கூடிய இடங்களும் மாறின.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணின் சொத்துரிமையையும் கைம்பெண் மறுமணத்தையும் வலியுறுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். இக்கருத்துகள் நம் மண்ணிலும் மேடையேறின. பின்னர்ச் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அவ்வழியில் பணியாற்றியது. எனவே இது கடல்கடந்த வரலாறு மட்டுமன்று. நம் பாட்டிமாரின் வரலாறுமாகும்.

வகுப்பறையில் எந்தப் பெயரை ஆராய்ந்தாலும் மூன்று கேள்விகளை எழுப்பலாம். இப்பெயர் நிகழ்ந்ததைக் கூறுகிறதா, இனிச் செய்ய வேண்டியதை விதிக்கிறதா? எதிர்ப்பாலில் இதற்கு இணையான சொல் உண்டா? இப்பெயரை இட்டவர் யார், சுமப்பவர் யார்? மலடி, வாழாவெட்டி, முதிர்கன்னி ஆகிய சொற்களை மாணவர்கள் இவ்வாறு ஆராயட்டும். சொல்லை நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்பதை அவர்களே விவாதிக்கட்டும். விடையை நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், ஆராயாமல் ஏற்கும் பழக்கத்தையே மீண்டும் கற்பித்தவர்களாவோம்.